காசா விறகு

ரமணாசிரமத்தின் பின்வாசலைக் கடந்ததும் தொடங்குகிற கற்பாதை, மரங்களுக்கிடையே ஏறி இறங்கிக் கந்தாசிரமம் வரை செல்கிறது. திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலையும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையையும் அறிவார்கள். அமைதியை நாடி வருகிறவர்கள் இந்தக் கற்பாதையை அறிவார்கள். கிளைகள் மேலே கூடி நிழல் விரிக்க, சருகின் மேல் ஓணான் ஓடும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்கும்படியான இந்தப் பாதையில் ஒருமுறை நடந்தவர், இக்காடு மலையோடு பிறந்தது என்றே எண்ணுவார். அவ்வாறு எண்ணுவதில் பிழையில்லை. பிழை எங்கே என்பதை அறிந்தவர்களில் நாங்களும் உண்டு என்பதால்தான் இக்கட்டுரை.

2025 பங்குனியில் ஒரு விடியற்காலை, அப்பாவை அழைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் இந்தப் பாதையில் ஏறினோம். நாங்கள் இருவர் என்பது அண்ணனும், கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் தம்பியும். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. மூட்டுவலி. முந்தைய கார்த்திகையில் மலை சரிந்ததிலிருந்து, "ஒரு தடவ மேல போய்ப் பாத்துட்டு வந்துரணும்டா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

*

மலையைப் பற்றி எழுதியவர்களில் வெளியிலிருந்து வந்தவர்கள் பலர். 1931இல் பால் பிரண்டன் வந்தார். 1934இல் வெளிவந்த அவரது நூல் வழியே மேலைநாட்டார் இவ்வூரை அறிந்தனர். 1935இல் வந்த மேஜர் சாட்விக் ஊர் திரும்பவேயில்லை. 1962இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1938இல் சாமர்செட் மாம் வந்து போனார். ஆங்கிலேய நாட்டின் பசிய மரக்கூட்டங்களையும் ஈரமான புல்வெளிகளையும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு, பாறையும் முள்ளும் புல்லுமாக நின்ற இம்மலை முதலில் எப்படித் தோன்றியிருக்கும் என்று நாங்கள் வியந்ததுண்டு. ஆசிரமத்தில் மாட்டியிருக்கும் அக்காலப் புகைப்படங்களைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ரமணர் நிற்கிறார், அவருக்குப் பின்னே மலை நிற்கிறது, மலையின்மேல் பெரும்பாலும் மரம் இல்லை. படத்தில் நாம் ரமணரைப் பார்க்கிறோம். அதனால் அந்த மொட்டைச் சரிவு கண்ணில் படுவதில்லை.

வந்தவர்கள் எல்லாரும் இங்கே மௌனத்தைக் கண்டதாக எழுதினார்கள். எங்களுக்கு மலை என்றால் சத்தம். அரிவாள் புல்லறுக்கும் சத்தம், கோடாலிச் சத்தம், ஆடுகளை அதட்டும் சத்தம், தலைச்சுமையோடு இறங்கும் பெண்கள் ஒருவரையொருவர் கூவியழைக்கும் சத்தம். செங்கம் சாலைக்குத் தெற்கே, கூரை வீடுகள் மட்டுமே இருந்த தெரு எங்களுடையது. அந்தக் கூரைகள் மலைப்புல்லால் வேயப்பட்டவை. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை பழைய புல்லைப் பிரித்துப் புதுப்புல் வேய வேண்டும். தெரு முழுவதற்கும் வேய்ந்தது போக, மிஞ்சியதைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஆயா விறகு விற்றாள். இருட்டோடு மலையேறி, வெயில் ஏறுமுன் சுமையோடு இறங்கி, டவுனுக்குள் நடந்தே போய் ஓட்டல்களிலும் வீடுகளிலும் போட்டுவிட்டு வருவாள். அப்பாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதற்குப்பின் அவரும் மலைக்குப் போனார். எங்கள் படிப்பு நிற்காததற்கும் அந்த மலைதான் காரணம்.

விறகுகளில் ஆயா ஒன்றை மட்டும் தனியாகக் கட்டுவாள். அதன் பெயர் காசா விறகு. இரும்பைப் போலக் கனக்கும், வெட்ட வெட்டக் கோடாலி மழுங்கும். ஆனால் அடுப்பில் வைத்தால் புகை எழாமல், நெடுநேரம் நின்று எரியும். காசா கட்டுக்கு இரண்டு காசு கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் அதற்குக் காசா என்று பெயர் என எங்களுக்குச் சொல்லியிருந்தாள். நாங்களும் நெடுங்காலம் அப்படியே நம்பியிருந்தோம்.

*

ஆசிரமத்துக்கு முன்னால் போகிற செங்கம் சாலை மேற்கே போய்ச் சேருகிற செங்கம், சங்க இலக்கியம் பயின்றவர்களுக்குச் செங்கண்மா. நன்னனின் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் அவனைப் பாடியது; 583 அடிகள் கொண்டது; பாடியவர் பெருங்கௌசிகனார். கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் அப்பாட்டு, போகிற வழியை மிகுந்த கவனத்துடன் சொல்கிறது. தினைப்புனம் காப்போர் எறிகிற கவண்கல் மரத்தில் பட்டுச் சிதறி வரும், ஒதுங்கி நில்லுங்கள் என்கிறது. குழிகளில் பாம்பு உண்டு என்கிறது. பாசி படர்ந்த இடத்தில் கால் வழுக்கும் என்கிறது. பிறகு மலையில் எழுகிற ஓசைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்குகிறது. அருவியில் நீராடும் மகளிரின் ஓசை, முள்ளம்பன்றி தாக்கியவனின் அழுகை, புலி கிழித்த கணவனின் புண் ஆறக் கொடிச்சி பாடும் பாட்டு, கிளி ஓட்டும் குரல், உலக்கைப் பாட்டு. யானையின் மதநீர் போல மலையிலிருந்து பெருகும் ஓசை என்பதால்தான் அந்தப் பாட்டுக்கே அப்பெயர் அமைந்தது என்பர்.

இருபதாண்டுகளாக இதை வகுப்பில் நடத்தி வருகிறோம். மலை என்றால் மௌனம் என்று எழுதிய வெளிநாட்டாரைவிட, மலை என்றால் ஓசை என்று பாடிய அந்தப் புலவரே ஆயாவுக்கு நெருக்கமானவர் என்று பெருமையோடு மாணவர்களிடம் சொன்னதும் உண்டு. ஒருமுறை பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அத்தன ஓசையும் இருந்த காடு இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டாள். அன்று மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் அவள் மீண்டும் கேட்கவில்லை. கேட்காததில் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இவ்வூருக்கு இரு பதிகங்கள் பாடினார். அவற்றுள் ஒன்றில், பெடையோடு மயில் வாழும் பொழிலும், மாங்கனியைக் கடுவன் பறிக்கையில் வளைந்து விடுபடும் கொம்பும், தூறலுக்கு ஒதுங்கி ஆமா அணையும் சோலையும் வருகின்றன. ஆமா என்பது காட்டுப்பசு. இந்த மலையில் காட்டுப்பசு ஒதுங்குவதற்குச் சோலை இருந்ததா, அது பாட்டின் மரபா என்று ஆய்வாளர்கள் பேசட்டும். ஒன்று நிச்சயம். நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளாடு ஒதுங்கவும் அங்கே போதிய நிழல் இல்லை.

*

1989 கோடை. எங்களுக்குப் பன்னிரண்டும் பதினொன்றும் வயது. பள்ளி விடுமுறையில் ஆடு மேய்ப்பது எங்கள் வேலை. மலைச்சரிவில் புல் இடுப்பளவு உயர்ந்து, காய்ந்து, வைக்கோல் நிறத்தில் நின்றது. அப்படி முற்றிய புல்லை ஆடு தின்னாது. ஆனால் எரித்துவிட்டால், அடுத்த கோடைமழை ஒன்று விழுந்ததும் கருகிய தூரிலிருந்து இளம்புல் கிளம்பும்; அதை ஆடு விரும்பித் தின்னும். இதை எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு அறிந்ததுதான்.

ஒரு பிற்பகலில் நாங்கள் ஒரு தீக்குச்சியைக் கிழித்தோம்.

கொஞ்சம் எரிந்து அணையும் என்றுதான் நினைத்தோம். காற்று கீழிருந்து மேலாக வீசியது. மலைச்சரிவில் தீ ஏறும்போது அதன் வெப்பமே மேலேயுள்ள புல்லை உலர்த்திக்கொண்டு போகும். அதனால் சமதரையைவிடச் சரிவில் தீ விரைந்து ஓடும். அந்த அறிவியல் பின்னாளில் படித்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, எங்கள் கால்களைவிடத் தீ வேகமாக ஓடுகிறது என்பது மட்டும்தான். ஆடுகளை விரட்டிக்கொண்டு கீழே ஓடிவந்தோம்.

இரவு தெருவே வாசலில் நின்று பார்த்தது. மலையின் இடுப்பில் செந்நிறக் கோடு ஒன்று ஊர்ந்து கொண்டிருந்தது. ஆயா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அக்கினி மலைக்கு நெருப்பு புதுசா" என்றாள். ஐம்பூதத் தலங்களில் இது நெருப்புத் தலம். அயனும் மாலும் அடியும் முடியும் காணாத நெருப்புத் தூணே குளிர்ந்து மலையானது என்பது புராணம். கார்த்திகை தோறும் உச்சியில் கொப்பரையில் மகாதீபம் ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்ட மலையின் சரிவில் புல் எரிந்தால் அதில் குற்றம் என்ன இருக்கிறது? ஊர் அவ்வாறுதான் எண்ணியது. எங்கள் அச்சத்துக்கும் அந்த எண்ணம் ஒரு போர்வையாக வாய்த்தது.

மறுநாள் காலை, காணாமல்போன ஓர் ஆட்டுக்குட்டியைத் தேடி மேலே போனோம். சரிவு முழுவதும் கறுத்துக் கிடந்தது. அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். குழியருகே கருகிய மூங்கில் குச்சிகள். முந்தைய மழைக்காலத்தில் அந்தச் சரிவில் யாரோ மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் எழுந்து, ஒவ்வொரு குச்சியாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். நாங்கள் பாறைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அவர் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. எண்ணி முடித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அவர் திட்டியிருந்தால் நாங்கள் மறந்திருப்போம்.

*

1980களின் இறுதியில்தான் இம்மலைக்கு மீண்டும் மரம் வைக்கும் முயற்சி அமைப்புரீதியாகத் தொடங்கியது. அண்ணாமலை மறுவனமாக்கல் சங்கம் அப்போது உருவானது. பிறகு 2000களின் தொடக்கத்திலிருந்து தி ஃபாரஸ்ட் வே என்னும் அறக்கட்டளை அப்பணியைத் தொடர்ந்து செய்து வருகிறது. வனத்துறையும் நட்டிருக்கிறது. தொடங்கியவர்களிலும் தொடர்ந்தவர்களிலும் வெளிநாட்டாரும் வெளியூர்க்காரரும் இருந்தனர். எங்கள் தெரு அதைக் கேலியாகத்தான் பார்த்தது. "வெள்ளைக்காரன் கல்லுல மரம் நடறான்" என்பது அன்றைய டீக்கடைப் பேச்சு. அந்தக் கேலிக்குள் ஒரு கோபமும் இருந்தது. மலையை அவர்கள் சாமியாகப் பார்த்தார்கள். நாங்களும் சாமியாகத்தான் பார்த்தோம், ஆனால் எங்களுக்கு அது அடுப்புமாக இருந்தது. சாமியைக் காப்பாற்றுவதற்காக அடுப்பை அணைக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

நடுவது எளிய வேலையன்று. உள்ளூர்க் காட்டிலிருந்தே விதை பொறுக்கி நாற்றங்காலில் வளர்க்க வேண்டும். மழை தொடங்கியதும், மண்ணில் ஈரம் இறங்கியிருக்கும் அந்தச் சில வாரங்களுக்குள், பாறையிடுக்குகளில் நட்டு முடிக்க வேண்டும். சரிவில் குடம் சுமந்து எல்லாவற்றுக்கும் நீர் ஊற்றுவது ஆகாத காரியம். வடகிழக்குப் பருவமழைதான் தாய்ப்பால். ஓடுகிற நீரை நிறுத்திவைக்கச் சிறு தடுப்புகளும் குழிகளும் வேண்டும். இத்தனையும் செய்தபின் தை பிறந்து புல் காயும். புல் காய்ந்தால் தீ வரும். எனவே மரம் வளர்ப்பவர்கள் பாதி நேரம் மரத்தை விட்டுவிட்டுப் புல்லோடு போராட வேண்டியிருக்கிறது. சரிவின் குறுக்கே பட்டையாகப் புல்லைச் செதுக்கி அகற்றித் தீக்கோடு போடுகிறார்கள். தீ அந்த வெற்று மண்ணை எட்டியதும் தின்ன ஏதுமின்றி நின்றுவிடும் என்பது கணக்கு. காற்று சில நேரங்களில் அந்தக் கணக்கைப் பொய்யாக்கும்.

இதில் ஒரு முரணும் உண்டு. 2007இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2010இல் கூரை வீடுகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம் வந்தது. எங்கள் தெருவில் விறகடுப்பு அணைந்தது, கூரை மறைந்தது, ஆடுகள் குறைந்தன. மரம் தப்பியதற்கு, நட்டவர்களின் கைகளைப் போலவே அந்த அடுப்பும் ஒரு காரணம் என்பது எங்கள் துணிபு. ஆனால் புல்லறுக்க யாரும் போகாததால் புல் அப்படியே நின்று காய்ந்தது. அறுத்த காலத்தில் வீட்டுக்குக் கூரையானது, அறுக்காத காலத்தில் தீக்கு இரையானது. இதற்கு முடிவு மரநிழல்தான். மரங்கள் கிளையோடு கிளை கோத்து நிழல் விழுந்துவிட்டால் வெயிலை நம்பி வாழும் அந்தப் புல் தானாகவே மெலிந்துவிடும். அதுவரை ஒவ்வொரு கோடையும் ஒரு தேர்வுதான்.

*

பங்குனிக் காலையில் நாங்கள் மெல்ல ஏறினோம். அப்பா பத்தடிக்கு ஒருமுறை நின்றார். வலியால் நிற்கிறார் என்று முதலில் நினைத்தோம். அவர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துல இன்னா இருந்துச்சி தெரியுமா? ஒண்ணும் இல்ல. இங்க நின்னா நம்ம வூடு தெரியும்."

இப்போது இலைகள் தவிர ஒன்றும் தெரியவில்லை. உள்ளிருந்து ஆறுமணிக்குருவி ஒன்று இருமுறை விசிலடித்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து, கோடை முற்றுமுன் திரும்பிப் போகிற பறவை. காலையும் மாலையும் ஆறுமணிவாக்கில் கூவுவதால் அப்பெயர். சருகைக் கிளறிப் புழு தின்பது. சருகு வேண்டுமென்றால் மரம் வேண்டும். எங்கள் சிறுவயதில் அந்தக் குரலை இம்மலையில் கேட்ட நினைவில்லை.

ஒரு வளைவில் பெண்கள் நால்வர் மண்வெட்டியும் அரிவாளுமாகத் தீக்கோடு செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் மூத்தவர் அப்பாவின் மடியைப் பார்த்தார்.

"பெரியவரே, பீடி வச்சிருக்கீங்களா? மேல பத்த வைக்கக் கூடாது."

அப்பா ஒன்றும் பேசாமல் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பீடிய வச்சிக்கறேன்மா. இத நீ வச்சிக்க. எறங்கும்போது வாங்கிக்கறேன்" என்றார். அந்தப் பெண் சிரித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவர் நின்றிருந்த இடத்துக்கு அருகே ஒரு குறுமரம். இரண்டாள் உயரம்கூட இல்லை. தடித்த, பளபளக்கும் இலைகள். இலைகளுக்குக் கீழே, கிளையின் மரப்பட்டையிலேயே ஒட்டினாற்போல நீலப்பூக்கள் கொத்துக்கொத்தாக அப்பியிருந்தன. நீலம் என்றால் வானத்தின் நீலமன்று. அந்தி கழிந்து இருள்வதற்கு முன்னுள்ள நீலம். அந்த நிறத்தில் பூவை இம்மலையில் நாங்கள் பார்த்ததில்லை. என்ன மரம் என்று அந்தப் பெண்ணைக் கேட்டோம்.

"காசாங்க. தெரியாதா? காசா மரம்."

அப்பா கிட்டே போய்ப் பட்டையைத் தடவினார். "ஆமாடா. காசாதான். இது பூக்குமா!" என்றார்.

எங்களுக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொல்கிறார். ஆண்டுதோறும் அப்பகுதியை மாணவர்களுக்கு நடத்தி, மனப்பாடமும் செய்யச் சொல்லி, தேர்வில் வினாவும் கேட்டிருக்கிறோம். அந்தப் பூக்களுள் காயாவும் ஒன்று. காயாம்பூ மேனியன் என்று திருமாலைச் சொல்வதன் பொருளை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அகராதியைத் திறந்தால் காயா என்பதற்குக் காசாமரம் என்றே பொருள் போட்டிருக்கும். அந்தச் சொல்லைப் படித்திருக்கிறோம், கடந்தும் போயிருக்கிறோம். அகராதியில் இருந்த காசாவும் ஆயாவின் தலையில் இருந்த காசாவும் ஒன்று என்று ஒருநாளும் தோன்றவில்லை. பெருமாளின் நிறத்தை இரண்டு காசு கூடுதலுக்கு விற்றுத்தான் எங்களை எம்.ஏ. படிக்கவைத்தாள் அவள். பூக்கும் அளவுக்கு அம்மரத்தை யாரும் விட்டுவைக்காததால், அதில் பூ உண்டு என்பதே மூன்று தலைமுறைக்குத் தெரியாமல் போயிற்று.

மாணவி கேட்ட கேள்விக்கான விடை அந்த இடத்தில்தான் எங்களுக்குக் கிடைத்தது. காடு எங்கே போயிற்று என்றால், ஒரு பகுதி எங்கள் படிப்பாகப் போயிற்று.

*

ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுச் சிறுவராக இவ்வூருக்கு வந்தார். 1899 முதல் 1916 வரை விரூபாட்சக் குகையிலும், பின் 1922 வரை கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். மலையில் தனியே அலைவது அவர் வழக்கம். ஒருநாள் ஓடையில் மிதந்து வந்த மிகப்பெரிய ஆலிலை ஒன்றைக் கண்டு, அது எந்த மரத்தினுடையது என்று தேடிப் போனார். வழியில் புதருக்குள் இருந்த குளவிக்கூட்டில் அவர் தொடை பட்டுவிட்டது. குளவிகள் அந்தத் தொடையை மட்டும் மொய்த்துக் கொட்டின. கூட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே என்று, அவை கொட்டித் தீரும்வரை அசையாமல் நின்றாராம். பின்னாளில் அன்பர்கள் அந்த ஆலமரத்தைத் தேடிப் புறப்பட்டபோது, வேண்டாம் என்று தடுத்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியை அவரது பொறுமைக்குச் சான்றாகப் பலரும் சொல்வார்கள். எங்களுக்கு வேறொன்று தோன்றும். தெரியாமல் செய்த தீங்குதான் அது. தெரியாது என்று சொல்லி அவர் ஓடவில்லை. நாங்கள் ஓடினோம்.

கந்தாசிரமத்துக்குச் சற்று முன்னால், கோயிலும் ஊரும் ஒருசேரத் தெரிகிற பாறை ஒன்றுண்டு. 217 அடி உயரமுள்ள ராஜகோபுரமே அங்கிருந்து பார்க்கையில் விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும். அப்பாவை அங்கே உட்கார வைத்தோம். அவர் கோபுரத்தைப் பார்க்கவில்லை. ஊரை ஒட்டி மலைமேல் ஏறியிருக்கும் வீடுகளின் பக்கம் பார்த்தார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் டிசம்பர் 1, கொட்டித் தீர்த்த மழையில் ஊர்ப்பக்கச் சரிவு இளகி, பாறையும் மண்ணும் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் இறங்கின. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களுள் ஐவர் குழந்தைகள். வல்லுநர் குழு வந்து ஆராய்ந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று தீபம் ஏறியபோது, பக்தர்கள் எவரும் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மரமிருந்தால் அந்தச் சரிவு நின்றிருக்குமா என்றால், அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. மேல்மண்ணை வேர் பிடித்துக்கொள்ளும். வீடளவு பாறை உருண்டால் வேர் என்ன செய்யும்? சரிவில் வீடு கட்டிக் குடியிருக்க நேர்ந்தவர்களின் ஏழ்மையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அப்பாவுக்கு இந்த விவாதங்கள் தெரியாது. அவர் உறங்காத இரவுகளில் மனத்துக்குள் வேறொரு கணக்குப் போட்டிருக்கிறார்.

"நாம வெட்னதாலயும் இருக்குமாடா?"

எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் மூட்டுவலியோடு மலையேறி வந்தது இந்த ஒரு கேள்விக்காக. அண்ணன்தான் பதில் சொன்னார். "அந்தப் பக்கம் நீ போனதே இல்லியேப்பா. நீ வெட்னது இந்தப் பக்கம்." அது உண்மைதான். ஆனால் பதிலாகவில்லை என்பது மூவருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் நாங்கள் அந்தத் தீயைப் பற்றிச் சொன்னோம். முப்பத்தாறு ஆண்டுகளாகச் சொல்லாதது. குச்சியைக் கிழித்ததையும், கருகிய குழிகளையும், எண்ணிக்கொண்டே போன அந்த மனிதரையும்.

அப்பா வியப்படையவில்லை. "தெரியும்டா. அன்னிக்கி ராத்திரி பட்டியில ஆட்டு மயிரு கருகின வாசன. ஆயாவுக்கும் தெரியும்." சற்றுப் பொறுத்து, "யாருதான் வைக்கல? நானும் வச்சிருக்கேன். உங்க ஆயாவும் வச்சிருக்கா. வச்சிட்டு, சாமின்னு கும்புட்டுகினோம்" என்றார்.

அவர் எங்களை மன்னிக்கவில்லை. தண்டிக்கவும் இல்லை. எங்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். அண்ணாமலை என்னும் பெயருக்கு அணுக முடியாத மலை என்று பொருள் சொல்வார்கள். மூன்று தலைமுறையாக நாள்தோறும் ஏறி இறங்கிய எங்களுக்கு, அன்றைக்குத்தான் அதை முதன்முறையாக அணுகியதுபோலிருந்தது.

இறங்கும்போது அப்பா பழக்கத்தினால் குனிந்து, உதிர்ந்துகிடந்த காய்ந்த கிளையொன்றைப் பொறுக்கினார். கையில் நிறுத்துப் பார்த்தார். காசா. முகர்ந்துபார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். "இத வெட்டுனா சாவாது, தெரியுமில்ல. அடியில இருந்து துளுக்கும். அதுக்குத்தான் ஆயா வேரத் தோண்ட மாட்டா" என்றார். தீக்கோட்டுப் பெண் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "ரோட்டுக்குப் போயிப் பத்த வைங்க" என்றார்.

*

அந்தச் சித்திரையில் ஓர் இரவு சரிவில் மீண்டும் செந்நிறக் கோடு தெரிந்தது. அண்ணன் போன் செய்தார். தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் போனோம். எங்களுக்கு முன்பே வந்திருந்த தீயணைக்கும் குழுவினர், பச்சைக் கிளையை ஒடித்துக் கொடுத்து, எப்படி அடிக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். ஓங்கி அடித்தால் பொறி பறந்து அடுத்த புல் பற்றும். அழுத்திப் பிடித்துத் தேய்க்க வேண்டும். விடியும்வரை தேய்த்தோம். முழுவதையும் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் கருகிய கன்றுகளை ஓர் இளைஞர் எண்ணிக்கொண்டு போனார். இம்முறை நாங்கள் பாறைக்குப் பின்னால் நிற்கவில்லை. அவர் பின்னால் எண்ணிக்கொண்டே போனோம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி போய்ப் பார்த்தோம். அப்பாவால் இம்முறை ஏற முடியவில்லை, கீழேயே இருந்துகொண்டார். கருகிய கன்றுகளில் சில மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தன. சிலவற்றின் அடியில், கரிந்த தண்டுக்குப் பக்கத்திலிருந்து, விரல் நீளத்துக்குத் தளிர் கிளம்பியிருந்தது. எந்தத் தளிர் எந்த மரம் என்று பிரித்தறியும் அறிவு எங்களிடம் இல்லை. தடித்துப் பளபளத்த இலைகளை மட்டும் எண்ணினோம். பதினொன்று.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னோம். "பூக்கறதுக்கு நாளாவும்" என்றார்.